மார்ச்ல அந்தமான் போறோம், கடல்காத்துல முடி பொங்காம இருக்க என்ன பண்றது? கெரட்டின் வேற பண்ணிருக்கேன்

பெங்களூர்வாசி_மது:

எல்லாருக்கும் வணக்கம். மார்ச்ல ஃபேமிலியோட அந்தமான் போறோம், போர்ட் பிளேர்ல இறங்கி மறுநாளே ஹேவ்லாக், அப்புறம் நீல் ஐலண்ட். ஃப்ளைட், ஃபெர்ரி எல்லாம் போட்டாச்சு, இப்ப என் கவலை பூரா தலைமுடியப் பத்திதான், சிரிக்காதீங்க ப்ளீஸ். என் முடி நேரும் இல்ல, முழுச் சுருட்டையும் இல்ல, அலை அலையா ரெண்டுங்கெட்டானா இருக்கும். பெங்களூர்ல இருக்கற வரைக்கும் சொன்ன பேச்சு கேக்கும், துளி சீரம் தடவிட்டு ஆபீஸ் போனா சாயங்காலம் வரைக்கும் அப்படியே நிக்கும். ஆனா கடலோர ஊர் எதுக்குப் போனாலும், அது கோவாவா இருக்கட்டும் மாமியார் ஊர் தூத்துக்குடியா இருக்கட்டும், போய் இறங்கி ஒரு மணி நேரத்துல தலை ரெண்டு மடங்கு ஆயிடும். கோவா போட்டோ எல்லாத்துலயும் தேங்கா நார சுத்தி வச்ச தலையோடதான் நிக்கறேன், அவர் அதையே வால்பேப்பரா வச்சிருக்கார். கூத்து என்னன்னா ஊருக்குத் திரும்பி வந்து ஒரு தடவை தலைக்கு குளிச்சா தானா சரியாயிடுது! அப்ப டேமேஜ்னு சொல்றதா வேண்டாமான்னே புரியல.

இந்த தடவை தங்கச்சி கல்யாணத்துக்கு சலூன்ல முடி படிஞ்சு நிக்கறதுக்கு கெரட்டின் ட்ரீட்மெண்ட் பண்ணிட்டேன். உப்புத்தண்ணி படவே கூடாதுன்னு சலூன்ல சொல்லிட்டாங்க. ஹேவ்லாக் போயிட்டு கடல்ல இறங்காம கரையில உக்காந்து எல்லாரோட செருப்பையும் பாத்துக்கறதுக்கா அவ்ளோ செலவு பண்ணிப் போறோம்? அவருக்கு ஸ்கூபா பண்ணணும், நானும் பண்ணலாம்னு ஆசை. பொண்ணுக்கு நல்ல சுருட்டை முடி, அவளைப் பத்தியும் சொல்லுங்க. ஹேர் டிரையர், ஸ்ட்ரெய்ட்னர் தூக்கிட்டுப் போனா பிரயோஜனம் இருக்கா? இன்னொண்ணு, கோவா போயிட்டு வந்த கொஞ்ச நாள்ல முடி கொட்டுச்சு, அது உப்புத்தண்ணியாலயா?

போர்ட்பிளேர்_பொண்ணு:

வாங்க வாங்க எங்க ஊருக்கு. எங்க தாத்தா ராமநாதபுரம் பக்கத்துலேருந்து இங்க வந்து செட்டில் ஆனவர், நாங்க பொறந்து வளர்ந்தது எல்லாம் இங்கதான், அதனால சொல்றேன், ஸ்ட்ரெய்ட்னர வீட்லயே வச்சுட்டு வாங்க. இங்க வருசம் பூரா கசகசப்புதான், நீங்க ரூம்ல ஏசி போட்டு அரை மணி நேரம் நேராக்கிட்டு வெளிய வந்து ஃபெர்ரி ஏறற இடம் வரைக்கும் நடக்கறதுக்குள்ள பழையபடி சுருண்டுக்கும். டூரிஸ்ட்டுங்க காலையில ஃபெர்ரில ஏறும்போது இருக்கற தலையும் ஹேவ்லாக்ல இறங்கும்போது இருக்கற தலையும் வேற வேறயா இருக்கறத நாங்க தினம் பாக்கறோம்.

நாங்க பண்றது ஒண்ணும் பெரிசா இல்ல. விரிச்சு விட மாட்டோம், அவ்ளோதான். கடலுக்குப் போறதுக்கு முன்னாடி நல்ல தண்ணில தலைய நனைச்சு, தேங்கா எண்ணெய் தடவி, இறுக்கமில்லாம பின்னல். வந்ததும் முதல் வேலை நல்ல தண்ணில அலசல், ஷாம்பு தினமும் போடாதீங்க. முக்கியமா ஈரத்தலையோட கொண்டை போட்டுட்டுத் தூங்காதீங்க. பெங்களூர்ல காத்தாட விட்டா காஞ்சிடும், இங்க ராத்திரி பூரா காயாது, காலையில அவுத்தா ஒரு மாதிரி நாத்தம் வரும், ரெண்டு நாள்ல அரிக்க ஆரம்பிச்சிடும். ஃபேனுக்கு அடியில உக்காந்து வேர் வரைக்கும் காயவச்சுட்டுப் படுங்க. டிரையர் கொண்டு வந்தீங்கன்னா அதுக்கு மட்டும் உபயோகப்படும், சூடு கம்மியா வச்சு.

கெமிஸ்ட்_அண்ணாச்சி:

தங்கச்சி, நான் ஷாம்பு கண்டிஷனர் பார்முலேஷன்ல ரொம்ப வருசமா இருக்கேன், நீங்க கேட்டதுல அந்த "தானா சரியாயிடுது"ங்கற இடம்தான் சரியான இடம். முடி பொங்குறதும் முடி கெட்டுப்போறதும் ரெண்டு தனித்தனி விஷயம், ஜனங்க ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிடுதாங்க.

முடிங்கறது கெரட்டின் புரதம். அதுக்குள்ள இழைய இழையோட பிடிச்சு வைக்கற கட்டு ரெண்டு வகை முக்கியம். ஒண்ணு கந்தகக் கட்டு, டைசல்ஃபைடும்பாங்க, அதுதான் உங்க முடி நேரா சுருட்டையாங்கறத நிலையா வச்சிருக்கும், தண்ணி பட்டா அசையாது. இன்னொண்ணு ஹைட்ரஜன் கட்டு, அது தண்ணி பட்டா விட்டுரும், காஞ்சா திரும்பப் பிடிச்சுக்கிடும். நீங்க டிரையர், ஸ்ட்ரெய்ட்னர் எல்லாம் வச்சு மாத்துறது இந்த ரெண்டாவது கட்டைத்தான். இப்ப மார்ச் மத்தியானம் பெங்களூர் காத்துல ஈரப்பதம் 30 சதவீதம், அதுக்கும் கீழகூட போகும். அந்த நிலையில முடியோட எடையில 6 சதவீதம் கிட்டத்தான் தண்ணி இருக்கும். 65 சதவீத ஈரப்பதத்துல அது 13 கிட்ட வந்துரும், காத்து முழுக்க நனைஞ்சு 100 ஆச்சுன்னா 30ஐத் தொடும். அந்தமான்ல சாதாரண நாள்லயே 70, 80ன்னு ஓடும். அதாவது நீங்க தலைய நனைக்கவே வேண்டாம், காத்துலேருந்தே முடி குடிச்சுக்கிடும். காஞ்ச நிலையிலேருந்து முழுசா ஊறுற வரைக்கும் முடி நீளத்துல கூடுறது ஒரு 2 சதவீதம்தான், குறுக்களவுல 14, 15 சதவீதம் வரைக்கும் தடிச்சிரும். எல்லா முடியும் ஒரே அளவுல ஊதினா பரவால்ல, அலைமுடி சுருட்டைமுடில ஒரே இழையோட ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் ஒரு மாதிரி ஊதும், அதான் ஒவ்வொண்ணும் அதுஅது இஷ்டத்துக்கு வளைஞ்சு பக்கத்து முடியோட சேராம எழும்பி நிக்குது. ஊருக்குத் திரும்பி வந்து குளிச்சு காஞ்ச காத்துல உலர விட்டா ஹைட்ரஜன் கட்டு பழைய இடத்துல வந்து உக்காந்துக்கிடும். இதுல டேமேஜ் ஒண்ணும் கிடையாது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்ல. ஸோஸ்யூர்னு ஜெனீவாக்காரர் ஒருத்தர் 1783லயே மனுச முடிய வச்சு ஈரப்பதம் அளக்கற கருவி பத்தி எழுதிட்டார், முடி நீள்றதையும் சுருங்குறதையும் முள்ளுல கட்டி அளவு பாக்குறது. அதுக்கு முன்னாடி அந்த முடியில இருக்க எண்ணெய்ப் பசை போக சோடா போட்ட தண்ணில வேக வச்சுருக்காரு, அப்பதான் காத்துக்கு ஏத்த மாதிரி சட்டுசட்டுன்னு அசையும்னு. இப்ப நீங்க டூர்ல தினமும் நல்லா நுரை வர்ற ஷாம்பு போட்டுத் தேய்ச்சா அதே வேலையத்தான் உங்க தலைக்குப் பண்ணுதீங்க.

நிஜமா கெடுக்கறது மூணு. வெயில், உப்பு, அப்புறம் சிக்கு எடுக்கறேன்னு நாம பண்ற அட்டகாசம். வெயில்ல இருக்க புற ஊதாக்கதிர் முடியோட கருப்பு நிறமியையும் புரதத்தையும் சேத்தே கரைக்கும், கடற்கரையில நாள் முழுக்க ஆடுற பிள்ளைங்களுக்கு முடி நுனி செம்பட்டை அடிச்சிருக்கறத பாத்திருப்பீங்க. கடல் தண்ணில ஒரு லிட்டருக்கு 35 கிராம் கிட்ட உப்பு. தண்ணி காஞ்சதும் உப்பு மட்டும் முடி மேல பொடியா நின்னுக்கிடும், முடிக்கு முடி உராயும், அந்த நிலையில சீப்ப வச்சு இழுத்தா பாதியில அறுந்துரும். அதனால அலசாம சீப்பைத் தொடாதீங்க. பாப்பாவுக்கு சுருட்டைன்னா கண்டிஷனர் தலையில இருக்கும்போதே, ஈரத்துலயே, அகலப் பல் சீப்பால நுனியில ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா மேல போய் வாருங்க. காஞ்சப்புறம் வாராதீங்க, பிள்ளை அழுதுரும்.

கெரட்டின் விஷயத்துல, சலூன்காரங்க உப்பைப் பாத்து இவ்ளோ பயமுறுத்தறது கொஞ்சம் அதிகம்னு நான் நினைக்கேன். அது எப்படியும் குளியலுக்குக் குளியல் தேஞ்சு போற சமாச்சாரம்தான். கடல்ல ஊறி, வந்து ஷாம்பு போட்டு, மறுபடி ஊறின்னு பண்ணா சீக்கிரம் தேயும், அவ்ளோதான். ரெண்டு வாரம் முன்னாடி போகப் போகுதேன்னு ராதாநகர் பீச்ச விட்டுட்டு வருவீங்களா?

வேலையத்தவன்_77:

ஒரு வார டூருக்கு இவ்ளோ ஆராய்ச்சியா 😂 கவாஸ்கர் தொப்பிய போடுங்க போங்க

போர்ட்பிளேர்_பொண்ணு:

@வேலையத்தவன்_77 தொப்பி நல்ல ஐடியாதான், ஆனா ஹேவ்லாக் காத்துல அது பறந்து கடல்ல போய் விழும், கயிறு வச்சதா வாங்கச் சொல்லுங்க.

கடல்குதிரை:

ஸ்கூபா பத்தி கேட்டதால வர்றேன், டைவிங்ல வேலை பாத்திருக்கேன். மேல எண்ணெய் தடவிட்டு கடலுக்குப் போகச் சொன்னது குளிக்கறதுக்கு ஓகே, டைவ்க்கு வேண்டவே வேண்டாம். நெத்தில முகத்துல எண்ணெய்ப் பசை இருந்தா மாஸ்க் கண்ணாடி புகை படிஞ்சு போகும், ஸ்ட்ராப் வழுக்கும். அதே மாதிரி மாஸ்க்கோட சிலிக்கான் ஓரத்துக்கும் முகத்துக்கும் நடுவுல ஒரே ஒரு முடி மாட்டினாலும் தண்ணி உள்ள கசியும், முதல் தடவை பண்றவங்க பாதிப் பேர் பயந்து மேல வர்றது இதனாலதான்னு சொல்லலாம். அதனால முன்நெத்தி முடிய எல்லாம் பின்னாடி தள்ளி தலையோட ஒட்டி பின்னிக்குங்க, கொண்டைய உச்சில போடாதீங்க, ஸ்ட்ராப் உக்காராது, கழுத்துப் பக்கம் தாழ்வா பின்னல் போட்டுக்கங்க. கழுத்துக்குப் போடற பஃப் துணி ஒண்ண தலையில மாட்டிக்கிட்டா இன்னும் நல்லது, வெயிலும் படாது, சிலிக்கான் பட்டையும் முடியப் பிடிச்சு இழுக்காது. ரப்பர் பேண்டு வேணாம், துணி சுத்தின பேண்டு.

சார்க்கு மீசை இருந்தா அவருக்கும் தண்ணி கசியும், முன்கூட்டியே சொல்லி வைங்க, நம்ம ஊர் ஆளுங்க மீசைய எடுக்கச் சொன்னா சண்டைக்கு வருவாங்க. கொஞ்சம் வாஸ்லின் தடவி சமாளிப்போம்.

பெங்களூர்வாசி_மது:

அய்யோ எல்லாருக்கும் தேங்க்ஸ், அவருக்கு மீசைதான் சொத்து 😄 ஆனா இப்ப எண்ணெய் தடவறதா வேண்டாமான்னு குழம்பிட்டேன். வெயில்ல எண்ணெயோட போனா முடி வறுபட்டுப் போகும்னு எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு சொல்லுது. அலோவேரா ஜெல், கிளிசரின் இருக்கற ஸ்ப்ரே இதெல்லாம் தடவினா ஈரப்பசை நிக்கும்னு இன்னொருத்தி. அண்ணாச்சி, முடி கொட்டினதப் பத்தி நீங்க சொல்லவே இல்லயே?

கெமிஸ்ட்_அண்ணாச்சி:

வறுபடுறதெல்லாம் கதை, தலையில அவ்ளோ சூடு ஏறினா முடிக்கு முன்னாடி நீங்க போய்ச் சேந்துருவீங்க. தேங்கா எண்ணெய்க்கு ஒரு தனி குணம் உண்டு. அதுல லாரிக் அமிலம் அதிகம், மூலக்கூறு சின்னது, நேரா நீளமா இருக்கும், அதனால முடிக்குள்ள நுழையும். 2003ல வந்த ஆய்வுல தேங்கா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூணையும் வச்சுப் பாத்தாங்க, முடியிலேருந்து புரதம் கழுவிப் போறதக் குறைச்சது தேங்கா எண்ணெய் மட்டும்தான். அத பண்ணவங்க பாராசூட் விக்கற மாரிக்கோ கம்பெனி ஆட்கள்ங்கறதையும் சேத்தே சொல்லிருதேன், அப்புறம் நீங்க தேடிப் பாத்துட்டு என்னைத் திட்டக் கூடாது. ஆனா காரணம் ரசாயனப்படி சரியாத்தான் வருது.

முந்தின நாள் ராத்திரியே கொஞ்சமா, தலைத்தோல விட்டுட்டு முடியோட நீளத்துக்கும் நுனிக்கும் மட்டும் தடவுங்க. காலையில பின்னிட்டுப் போங்க. டைவ் அன்னைக்கு வேண்டாம், கடல்குதிரை தம்பி சொன்னதுதான் சரி. தலைத்தோல்ல பொடுகு இருக்கவங்க கட்டாயம் அங்க எண்ணெய் வைக்கக் கூடாது, பொடுகுக்குக் காரணமான மலசீசியாங்கற பூஞ்சைக்கு தன்னால கொழுப்பமிலம் செஞ்சுக்கத் தெரியாது, நம்ம தலையில இருக்க எண்ணெயத்தான் தின்னு வாழும். அதோட வெக்கையும் வேர்வையும் சேந்தா கேக்கணுமா. ஏற்கனவே பொடுகு உண்டுன்னா டாக்டர் சொல்ற கீட்டோகொனசோல் ஷாம்பு பாட்டில பெட்டியில போட்டுக்கங்க, போட்டதும் கழுவாம மூணு நாலு நிமிசம் விடணும்.

கிளிசரின் வேண்டாம். அது காத்துலேருந்து தண்ணிய இழுக்கற சாமான், அந்தமான் காத்துல இழுக்கறதுக்கு அளவே இல்ல, இன்னும் பொங்கும். அலோவேரா ஜெல்லு டப்பா பின்னாடி பாருங்க, நிறைய பிராண்டுல கிளிசரினும் சேத்துத்தான் இருக்கும். நீங்க ஊர்ல போடுற சீரமே போதும், அதுல இருக்க சிலிக்கான்தான், டைமெத்திக்கோன்னு போட்டிருக்கும், முடி மேல மெல்லிசா ஒரு படலம் போட்டு ஈரம் உள்ள போறத மெதுவாக்கும். நிறுத்தாது, மெதுவாக்கும். கடல்ல இறங்கறதுக்கு முன்னாடி நல்ல தண்ணில நனைச்சுக்கறது காசில்லாத வைத்தியம், முடி ஏற்கனவே குடிச்சு நிறைஞ்சிருச்சுன்னா உப்புத்தண்ணி உள்ள போக இடம் கம்மி. ரிசார்ட் நீச்சல்குளத்துக்கும் இதே கணக்குதான்.

முடி கொட்டுறதுக்கு இத மட்டும் பாருங்க. விழுற முடிய எடுத்து வெளிச்சத்துல பிடிங்க. ஒரு முனையில வெள்ளையா சின்னக் குமிழ் இருந்தா அது வேரோட வந்தது, காய்ச்சல், பட்டினி டயட், மனக்கஷ்டம் இப்படி ஏதாவது நடந்து ரெண்டு மூணு மாசம் கழிச்சு வர்ற கொட்டல், கடலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அதுவும் ஒரு நாளைக்கு 50லேருந்து 100 முடி விழுறது எல்லாருக்கும் சகஜம். குமிழ் இல்லாம துண்டு துண்டா விழுந்தா அது அறுந்தது, அதுக்கு உப்பும் சீப்பும் பொறுப்பு.

டொராண்டோ_தர்சி:

வணக்கம் மது. நாங்கள் கனடாவில இருக்கிறம், இஞ்ச ஜனவரியில வீட்டுக்குள்ள ஹீட்டர் போட்டுப் போட்டு காத்து காஞ்சு போய்க் கிடக்கும், தொப்பிய கழட்டினா முடி எல்லாம் கரண்ட் பிடிச்சு எழும்பி நிக்கும். அதில இருந்து நேர டொமினிக்கன் ரிபப்ளிக், புன்டா கானாவுக்கு பிள்ளையளோட வெக்கேஷன் போறனாங்கள், இஞ்சத்தைத் தமிழ்ச் சனத்தில கனபேர் அப்பிடித்தான். ஏர்போட் வாசல்ல வந்து நிக்கேக்கயே முடி மாறிடும்.

நான் சொல்ல வந்தது வேற. அங்க பீச்சில தலை பின்னி விடுற ஆக்கள் வருவினம், முழுத் தலையையும் சின்னச் சின்ன வரிசையாப் பிரிச்சு மண்டையோட ஒட்டிப் பின்னி மணியும் கோத்து விடுவினம். வடிவாத்தான் இருக்கும், சிக்கும் வராது. ஆனா அந்தப் பின்னலுக்கு இடையில வகிடு வகிடா தோல் வெளியில தெரியும், எங்கட மகளுக்கு வெயில் முழுக்க அதில பட்டு சிவந்து நொந்து, பேந்து வீட்ட வந்து தோல் உரியத் தொடங்கிட்டுது. பொடுகெண்டு நினைச்சு நான் மருந்து வாங்கப் போனனான், ஃபார்மசிக்காரர்தான் பாத்திட்டு இது வெயில் எரிவு எண்டவர். மகளின்ர வகிட்டுக்கு சன்ஸ்க்ரீன் பூசுங்கோ, ஸ்டிக்கா வாறது லேசு. இல்லாட்டி வகிட்ட ஒவ்வொரு நாளும் மாத்தி எடுங்கோ.

மொட்டைராஜ்:

வகிடுக்கே இப்படின்னா எங்க நிலைமைய யோசிங்க மக்களே. உச்சந்தலை பூரா வகிடுதான் எனக்கு. முடி இருக்கறவங்க பொங்குதுன்னு அழறீங்க.

கடல்குதிரை:

தர்சி அக்கா சொன்னதுல ஒரு சின்ன விஷயம் சேத்துக்கறேன். சன்ஸ்க்ரீன் வாங்கும்போது ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட்னு வெயிலத் தடுக்கற கெமிக்கல் ரெண்டும் இல்லாததா பாத்து வாங்குங்க, பவளப்பாறைக்கு ஆகாதுன்னு ஹவாய்ல 2021லேருந்து அத விக்கவே தடை. வெயில் தாக்காம முடிக்கு அடிக்கற யூவி ஸ்ப்ரே சிலதுலயும் இதெல்லாம் இருக்கும், எலிஃபண்ட் பீச்ல ஸ்நார்கெல் பண்ண இறங்கறீங்கன்னா அத அடிச்சிட்டு இறங்காதீங்க. துணி கட்டிக்கறது எல்லாத்தையும் விட நல்லா தடுக்கும், அதுக்கு லேபிளும் படிக்க வேண்டாம்.

பெங்களூர்வாசி_மது:

சரி, ஸ்ட்ரெய்ட்னர் கேன்சல், கிளிசரின் ஸ்ப்ரே கேன்சல். சீரம், அகலப் பல் சீப்பு, பஃப் துணி மூணு, துணி பேண்டு, கண்டிஷனர் பெரிய பாட்டில், பொண்ணு வகிட்டுக்கு ஸ்டிக். கோவா கொட்டலப் பத்தி யோசிச்சுப் பாத்தேன் அண்ணாச்சி, அதுக்கு முன்னாடிதான் எனக்கு டெங்கு வந்து ஒரு வழியா எழுந்தேன், பாவம் கடல போய் திட்டிட்டிருந்திருக்கேன். கடைசியா ஒரே ஒரு டவுட், அங்க ஹோட்டல் தண்ணி எப்படி? இங்க எங்க அபார்ட்மெண்ட்ல போர் தண்ணிதான், பக்கெட்ல வெள்ளையா படியும்.

போர்ட்பிளேர்_பொண்ணு:

டவுன்ல எங்களுக்கு தனிகாரி டேம் தண்ணி, மழைத்தண்ணிதான் அதுல சேருது, உங்க போர் தண்ணிய விட மிருதுவா இருக்கும், ஷாம்பு கொஞ்சமா போட்டாலே நுரை வரும், அளவ குறைச்சுக்கங்க. ஆனா நீங்க வர்றது மழை இல்லாத சமயம், மார்ச் ஏப்ரல்ல டேம்ல தண்ணி இறங்கிடும், வீடுகளுக்கு தினமும் குழாய்ல வராது, பிடிச்சு வச்சுத்தான் புழங்குவோம். தீவுல இருக்கற ஹோட்டல்ல ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு மாதிரி, சிலதுல கிணத்துத் தண்ணி லேசா உப்பு கரிக்கும். ரூமுக்குப் போனதும் வாயில ஒரு சொட்டு விட்டுப் பாருங்க, கரிச்சா கடைசி ஒரு சொம்பு மட்டும் குடிக்கற தண்ணி கேனிலேருந்து எடுத்து நுனிமுடில ஊத்திக்கங்க, அது போதும். அரை மணி நேரம் ஷவர திறந்து விட்டுட்டு நிக்காதீங்க, அத மட்டும் உங்க டூரிஸ்ட்டுங்க எல்லார்கிட்டயும் சொல்லுங்க.

தேங்கா எண்ணெய் சுமந்துட்டு வராதீங்க, இங்கயே எல்லாக் கடையிலயும் கிடைக்கும். மார்ச்ல வந்தா உறையவும் உறையாது.